பட்டியலின் கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: முக்கூடல் எனக்குச் சொந்த ஊர். வயது 36. பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஜனவரியில் ஒரு நோட்டில் வாசிப்பு, எழுத்து என்று 24 இலக்குகளை எழுதி வைத்தேன். ஐம்பது புத்தகம், பன்னிரண்டு சிறுகதை, தினமும் நாட்குறிப்பு, சிலப்பதிகாரம் முழுவதும் என்று நீண்டு, கடைசியில் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றிய எங்கள் ஆச்சியின் கதையை எழுதுவது. செப்டம்பர் வந்துவிட்டது. வாசித்தது ஏழு புத்தகம். எழுதியது பாதிக் கதை. சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையோடு நின்றுவிட்டது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த ஜனவரியில் புதிதாகத் தொடங்கலாமா?

பதில்: கிழிக்க வேண்டாம், சகோதரி. அடித்தால் போதும்.

முதலில் அந்த ஐம்பது புத்தகத்தை அடித்துவிடுங்கள். அது உங்கள் ஆசை போலத் தெரியவில்லை. யாரோ பெருமையடித்ததைக் கேட்டு எழுதிய எண். கடை அடைத்து, பஸ் பிடித்து, வீட்டு வேலையும் பார்க்கிற ஒருவர் ஏழு புத்தகம் வாசித்தது குறைவே இல்லை. புத்தகத் திருவிழாவில் வாங்கிக் குவித்ததையெல்லாம் வாசித்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பன்னிரண்டு கதையும் அப்படித்தான். பாதியில் நிற்கும் ஒன்றை முடியுங்கள். நாட்குறிப்பு பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

சிலப்பதிகாரத்தில் நீங்கள் நின்ற இடம் பலரும் நிற்கிற இடம். யாழ், தாளம், ஆடலரங்கின் நீள அகலம் என்று கலை நுட்பமாகவே போகும் காதை அது. தாண்டிப் போனால் இளங்கோவடிகள் கோபிக்க மாட்டார். அடைக்கலக் காதையில் புகுந்து கொலைக்களம், வழக்குரை என்று போய்விட்டு, பிறகு பின்னால் திரும்புங்கள். ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரை பக்கத்தில் இருக்கட்டும். மொத்தம் 30 காதைகள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்றாலும் ஏழு மாதத்தில் முடிந்துவிடும். டிசம்பர் 31க்கும் கண்ணகிக்கும் என்ன சம்பந்தம்?

இனி அந்தக் கடைசி வரி. ஆச்சிக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனையாக இருந்தாலும், 24 இலக்குகளில் காத்திருக்காதது அது ஒன்றுதான். அதைப் போய் அடியில் போட்டிருக்கிறீர்கள்! மற்ற 23ஐயும் வேறு யாரும் செய்யலாம், நீங்களே அறுபது வயதில் கூடச் செய்யலாம்.

'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் ஆச்சி' என்று கேட்டால், 'என்னத்தச் சொல்ல' என்று முடித்துவிடுவார். சின்னதாகக் கேளுங்கள். இலையை எப்போது நனைத்தார், எந்த அளவுக்கு வெட்டினார்? பீடிக் கடையில் தந்த புகையிலைத் தூள் போதாதபோது என்ன செய்தார்? சுற்றிய பீடியைக் கடைக்காரர் கழித்துப் போட்ட நாளில் வீட்டில் என்ன சமைத்தார்? மடியில் சுளகோடு உட்கார்ந்திருந்த மற்ற பெண்கள் யார், என்ன பேசிச் சிரித்தார்கள்? ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். பஸ் குலுக்கலில் வாசிக்கத்தான் முடியாது, அன்றைய கேள்வியை யோசிக்கலாமே. கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அன்றிரவே கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.

எழுதும்போது அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். இடைசெவல் கி. ராஜநாராயணன் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர். கரிசல் நிலத்து விவசாயிகளின் வாய்ப்பேச்சை அப்படியே நம்பி எழுதியவர், அதற்கு ஓர் அகராதியே தொகுத்தவர். உங்கள் ஆற்றங்கரைப் பேச்சு அதற்கு இளைத்ததல்ல. கதையாக்கும் ஆசையையும் இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். தேதி, கேள்வி, அவர் சொன்னது, அவ்வளவு போதும்.

ஒன்று மட்டும் கவனம். பீடிக் கடைக்காரர்களின் பெயர்களை அச்சுக்கு அனுப்பும்போது மாற்றிவிடுங்கள். பேரன்மார் ஊரில்தான் இருப்பார்கள்.