மழை விட்ட டிசம்பர் வாரம்: உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் எப்போது, எவ்வளவு?

கேள்வி: ஐயா, நுவரெலியா கந்தப்பளைப் பக்கம் அரை ஏக்கரில் கிரனோலா உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். இன்றைக்கு 45 நாள். மேல் தட்டில் லீக்ஸ் இருக்கிறது. கிழங்கின் கீழ்ப்பகுதி ஓடைக்கரைப் பள்ளத்தில் வருகிறது, அங்கே நாலு வரிசை போஞ்சியும் உண்டு. எட்டு நாளாக மழை இல்லை, நடுவில் ஒரு நாள் தூறியதோடு சரி. பகலில் இதமான வெயில். மேல் மண் தூளாகக் காய்ந்து கிடக்கிறது. தினமும் சாயங்காலம் ஸ்பிரிங்ளர் போடலாமா? பனி விழுந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. கொஞ்சம் யூரியா போட்டால் செடி தெம்பாகும் என்கிறார்கள். வெயில் அடிப்பதால் பங்கசு (பூஞ்சை) மருந்தை நிறுத்திவிடலாமா?

பதில்: தம்பி, தினமும் வேண்டாம், சாயங்காலமும் வேண்டாம். முதலில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். மேல் மண் தூளாகக் கிடப்பதைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் செடியின் வேர் அங்கே இல்லை. ஒக்டோபர், நவம்பர் மழை கீழே இறங்கித் தங்கியிருக்கும். பாத்தி ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, அந்த மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நின்றால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம். விரலை எடுத்ததும் உதிர்ந்தால் அன்றைக்கே தண்ணீர் விடுங்கள். மேல் தட்டில் ஓரிடம், நடுவில் ஓரிடம், பள்ளத்தில் ஓரிடம் என்று பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருக்காது. பெரும்பாலும் மேல் தட்டு முதலில் கேட்கும்.

தண்ணீர் விடும்போது ஆழமாக விடுங்கள். இந்த மாதிரி இதமான நாளில் செடியும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீரை இழக்கும். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 3 லீட்டர், வாரத்துக்கு ஏறக்குறைய 20 லீட்டர். ஒரு பேர்ச் நிலம் ஏறக்குறைய 25 சதுர மீட்டர் என்பதால் பேர்ச்சுக்கு 500 லீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அளப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. வெறும் மீன் டின் நாலைந்தை வரிசைகளுக்கு நடுவே வையுங்கள். டின்னில் 2 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 20 மில்லிமீட்டர் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அத்தோடு நிறுத்திவிட்டு, மறுபடியும் மண்ணைப் பார்த்த பிறகே அடுத்த முறை. 45 நாளில் கிழங்கு பருக்கத் தொடங்குகிறது. இந்த நேரத்தில் ஒரு வாரம் காயவிட்டு அடுத்த வாரம் குளிக்க வைத்தால் கிழங்கு வெடிக்கும், ஒன்றின் மேல் ஒன்று முளைத்த மாதிரிக் கோணலாகும். சீரான ஈரம் இருந்தால்தான் சந்தையில் விலை போகிற கிழங்கு கிடைக்கும்.

நேரம் காலை. பனித்துளி உலர்ந்த பிறகு, ஒன்பது மணி போலத் தொடங்குங்கள். சாயங்காலம் ஏன் கூடாது என்பது உங்கள் மருந்துக் கேள்வியோடு சேர்ந்தது. இலை கருகல் நோய்க்கு மழைதான் வேண்டும் என்றில்லை. குளிரும், பல மணி நேரம் ஈரமாக இருக்கிற இலையும் கிடைத்தால் போதும். இப்போது இரவில் விழும் பனித்துளியே காலை எட்டு மணி வரை இலையை நனைத்து வைத்திருக்கிறது. ஆறு மணிக்கே நீங்களும் தண்ணீர் தெளித்தால் பதினான்கு மணி நேர ஈரத்தை நோய்க்கு நீங்களே கொடுத்ததாகிவிடும். ஆகவே மருந்தை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். தினமும் காலையில், பனித்துளி இருக்கும்போதே பள்ளத்துப் பக்கம் அடி இலைகளைத் திருப்பிப் பாருங்கள். கரும்புள்ளியின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரியாவிட்டால் மழைக்காலத்தில் அடித்ததைவிட இடைவெளி விடலாம். தெரிந்தால் அன்றைக்கே விவசாயப் போதனாசிரியரிடம் இலையைக் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனை எண்ணுக்குப் பேசுங்கள்.

இனி உறைபனி. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பகல் இதமாக இருக்கிற வாரத்தில்தான் எல்லோரும் இரவை மறந்துவிடுகிறார்கள். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி நிலத்தின் சூட்டைத் தடுத்து வைக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் சூடெல்லாம் மேலே போய்விடும். டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை நுவரெலியா, அம்பேவளை, உங்கள் பக்கம் எல்லாம் கவனமாக இருக்க வேண்டிய காலம். சாயங்காலம் வானம் துடைத்து வைத்த மாதிரி நட்சத்திரம் தெரிந்து, இலை அசையாமல், எட்டு மணிக்கே விரல் விறைத்தால் எச்சரிக்கையாகுங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் பயம் குறைவு. செய்தியில் 4 பாகை என்று சொன்னால் ‘பூச்சியத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறதே’ என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். அது ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, பெட்டிக்குள் வைத்து அளந்தது. புல் மட்டத்தில் அதைவிட மூன்று நாலு பாகை குறைவாக இருக்கலாம். ஒரு வெப்பமானி வாங்கிப் பள்ளத்தில் செடி உயரத்தில் கட்டுங்கள்.

குளிர்காற்று தண்ணீர் மாதிரித்தான் ஓடும். சரிவில் இறங்கி, தடுக்கிற இடத்தில் தேங்கும். பனி விழுந்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்த பல தோட்டங்களில், மேல் தட்டு பச்சையாகவும் கீழே கோடு போட்ட மாதிரிக் கருகியும் கண்டிருக்கிறேன். உங்கள் ஓடைக்கரையில் அடர்ந்த வேலி இருந்தால், குளிர் வெளியேற அடிப்பக்கமாக இரண்டு மூன்று இடத்தில் வழி திறந்துவிடுங்கள். முதலில் போவது போஞ்சி, அடுத்தது கிழங்குச் செடி. லீக்ஸ் ஓரளவு தாங்கும்.

ஈர மண் பகலில் சூட்டைப் பிடித்து இரவில் கொடுக்கும். காய்ந்து பொலபொலவென்ற மண் அதைச் செய்யாது. அதனால் மண் அணைப்பதாக இருந்தால் இந்த இரண்டு மூன்று நாளுக்குள் முடித்து, மேலே சொன்ன தண்ணீரை விட்டு மண்ணை இறுகவையுங்கள். பனி வரும் போலிருக்கும் நாளில் மண்வெட்டியைத் தொடாதீர்கள். போஞ்சி நாலு வரிசைதானே, சாக்கு அல்லது வைக்கோலால் சாயங்காலமே மூடி, வெயில் வந்ததும் எடுத்துவிடலாம். விடியும் முன் ஸ்பிரிங்ளர் போடுவதும் பலன் தரும். ஆனால் சூரியன் வருமுன் தொடங்கி, இலையில் படிந்த பனி முழுவதும் கரையும் வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நின்றால் ஈர இலை இன்னும் குளிர்ந்து சேதம் கூடும். பம்ப் நம்பகமில்லை, ஓடையில் தண்ணீர் போதாது என்றால் தொடங்கவே வேண்டாம். குப்பை எரித்துப் புகை போடுவதால் பெரிய பலன் இல்லை. அப்படியும் கருகிவிட்டால் உடனே வெட்டாதீர்கள். ஒரு வாரம் பொறுத்தால் கீழ்க்கணுவிலிருந்து துளிர் வரலாம்.

யூரியா இப்போது வேண்டாம். குளிரில் வளர்ச்சி மெதுவாக இருப்பது பசளைக் குறையால் அல்ல. யூரியா போட்டால் தண்டும் இலையும் மென்மையாகி, கருகலும் பனியும் முதலில் அதைத்தான் பிடிக்கும். நடும்போது போட்டதற்கு மேல் மேலுரம் பாக்கி இருந்தால், சிபாரிசு செய்த அளவை மண் அணைக்கும்போதே கொடுத்துவிடுங்கள். அதோடு போதும்.

உலர்ந்த நாட்களில் இலைச் சுரங்கப் பூச்சி பெருகும். இலையில் வெள்ளைக் கோடு நெளிந்தால் மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். கண்டபடி பூச்சி மருந்து அடித்தால் அந்தப் பூச்சியைத் தின்னும் சிறு குளவிகளும் செத்துப்போகும்.

மழை முடிந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். வடகீழ்ப் பருவக்காற்று பெப்ரவரி வரை இருக்கிறது. அது வலுத்தால் பதுளை, வலப்பனைப் பக்கச் சரிவுகள் நனையும்போது இராகலை வழியாக உங்களுக்கும் சாரல் வரும். கையில் இருக்கிற இந்த உலர் நாட்களில் வடிகான்களைத் துப்புரவு செய்து, ஓடைப்பக்க வாயை அகலமாக்கிவிடுங்கள். லீக்ஸுக்கு மண் அணைக்கவும் இதுதான் நல்ல நேரம். ஈரச் சேறாக இருக்கும்போது அணைத்தால் தண்டு அழுகும். இப்போதைய பதத்தில் மண் உதிர்ந்து விழுவதால் வெள்ளைத் தண்டு நீளமாக வரும்.