'நைட்மேர் ஆலி' நாவலைப் படமாக்குவதில் அப்படி என்ன சிக்கல்?

1946இல் வில்லியம் லிண்ட்சே கிரெஷம் எழுதிய இந்த நாவல் இரண்டு முறை படமாகியிருக்கிறது. 1947இல் எட்மண்ட் கூல்டிங் எடுத்தார், 2021இல் கியெர்மோ டெல் டோரோ.

என்னைக் கேட்டால், சிக்கல் முழுக்க 'கீக்' என்ற ஆளிடம்தான். அமெரிக்கக் கார்னிவல் கூடாரத்தில் உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துத் துப்புகிறவன். குடிக்கு அடிமையான ஒருவனைப் பிடித்து, "வேறு ஆள் கிடைக்கும் வரைதான்" என்று சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம் சரக்கு நின்றுவிடுமோ என்ற பயமே அவனைக் கடிக்க வைத்துவிடும். மனதைப் படிப்பதாக ஊரை ஏமாற்றிப் பணம் பார்த்த நாயகன் ஸ்டானுக்குக் கடைசியில் இதே வேலை நீட்டப்படுகிறது. நாவல் சட்டென்று அங்கேயே நின்றுவிடுகிறது.

1947இல் ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கடுமை. கடிப்பதைக் காட்ட வழியில்லை. கோழியின் கதறலும் கூட்டத்தின் சத்தமும்தான். எனக்கென்னவோ அதுதான் அதிகம் நடுக்குகிறது. ஆனால் முடிவில் மனைவி மோலி வந்து ஸ்டானைத் தேற்றுகிறாள். கதையின் விஷம் அங்கே பாதி இறங்கிவிடுகிறது.

டெல் டோரோ ரத்தத்தைக் கண்ணெதிரே காட்டுகிறார். முடிவையும் நாவல் நிற்கும் இடத்திலேயே வெட்டுகிறார்: வேலையை ஒப்புக்கொள்ளும் பிராட்லி கூப்பரின் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகின்றன. படம் இரண்டரை மணி நேரம், கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் அந்த ஒரு குளோசப்புக்காகவே பார்க்கலாம்.