திறந்தவெளி ஸ்பைருலினா தொட்டியில் வேற்றுப் பாசி பெருகுவது ஏன்?

மழைக்குப் பின், ஸ்பைருலினா (உணவுக்காக வளர்க்கப்படும் சுருள் இழை வடிவ நீலப்பச்சைப் பாசி) வளரும் உங்கள் தக்கலைத் தொட்டியின் நீர் இளம்பச்சையாகி, வடிகட்டிய பிறகும் பச்சையாகவே இறங்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் குளோரெல்லா போன்ற ஒற்றைச்செல் பசும்பாசியாக இருக்கும். இரு பருவமழைகளையும் பெறும் குமரி மாவட்டத்தில் இது எதிர்பார்க்க வேண்டிய சிக்கலே.

ஸ்பைருலினாவுக்கு அரண், பிற பாசிகள் பலவும் தாங்காத காரத்தன்மைதான். மழைநீர் புகுந்து, அந்தக் காரத்தன்மையைக் காக்கும் சோடியம் பைகார்பனேட்டின் செறிவு குறைந்தால் அந்த அரண் தளர்கிறது. அறுவடையும் இதற்குத் துணைபோகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை: சுருள் இழைகள் துணியில் தங்கிவிட, சில மைக்ரான் அளவே உள்ள குளோரெல்லா துளை வழியே தப்பி, வடிநீரோடு மீண்டும் தொட்டிக்கே திரும்புவதால், ஒவ்வொரு அறுவடைக்குப் பின்னும் அதன் பங்கு கூடுகிறது.

தொட்டிக்கு ஒளி புகும் கூரை இடுங்கள், காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 10-ஐ ஒட்டி வைத்திருங்கள். அளவுக்கு மீறி அறுவடை செய்தால் வளர்ப்பு மெலிந்து, வேற்றுப் பாசிக்கு வெயில் தாராளமாகக் கிடைத்துவிடும். கலப்பு முற்றியிருந்தால் நீரை அகற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, தூய தாய்வித்துடன் (வேற்றுப் பாசி கலக்காத தொடக்க ஸ்பைருலினா) புதிதாகத் தொடங்குவதே என் கணிப்பில் சிக்கனமானது. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நச்சு நீலப்பச்சைப் பாசிகளும் கலந்திருக்கக்கூடும் என்பதால், நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்யும்வரை அந்த விளைச்சலை உண்ணவோ விற்கவோ கூடாது.