கேள்வி நேரம்: இதயத் தசைத் தடிப்பும் மரபணு ரிப்போர்ட்டும்

கேள்வி: எனக்கு 34 வயது. நெஞ்சுவலி, மயக்கம் எதுவும் வந்ததில்லை, எக்கோவும் நார்மல். முழு உடல் பரிசோதனையோடு சேர்த்து எடுத்த மரபணுப் பரிசோதனையில், ‘எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் நீக்கம். இதயத் தசை நோய் வர வாய்ப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: அந்த நீக்கம் மட்டும்தான் என்றால் பயம் வேண்டாம். இந்தச் செய்தி பரவியது 2009-ல் ‘நேச்சர் ஜெனிட்டிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வால். உங்கள் ஊர் காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்கு உண்டு. தெற்காசியர்களில் 100-க்கு 4 பேர் அளவில் இந்த நீக்கம் இருக்கிறது, இதயம் செயலிழந்தவர்களிடம் கூடுதலாகத் தென்படுகிறது என்று அந்த ஆய்வு சொன்னது. ஆனால் இதயத் தசைத் தடிப்பு நோய் சுமார் 500 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. நோயைவிட 20 மடங்கு பரவலாக இருக்கும் ஒரு மாற்றம், தனியாக நின்று அந்த நோயை வலுவாக உண்டாக்குகிறது என்றால் கணக்கு உதைக்கிறது.

2020-ல் முடிச்சு அவிழ்ந்தது. நீக்கம் உள்ளவர்களில் சிலருக்கு, அதே மரபணுவில் இன்னொரு அரிய மாற்றமும் கூடவே வருகிறது: சி.1224-52ஜி>ஏ. நீக்கத்தின் பேரில் எழுதப்பட்ட தடிப்பு நோய்ப் பழி உண்மையில் இதைச் சேர வேண்டியது. இது இருப்பது எக்ஸானிலிருந்து (மரபணுவில் புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதி) 52 எழுத்து தள்ளி, இன்ட்ரானுக்குள் (எக்ஸான்களுக்கு இடைப்பட்ட பகுதி). பல பரிசோதனைகள் எக்ஸானின் ஓரத்தில் 10, 20 எழுத்துகளோடு நின்றுவிடும். ஆகவே ‘இந்த இடத்தைப் படித்தீர்களா?’ என்று ஆய்வகத்திடம் எழுத்தில் கேளுங்கள். படிக்கவில்லை என்றால் அந்த இடத்தை மட்டும் சாங்கர் முறையில் (ஒரு சிறு பகுதியை எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறை) பார்க்கச் சொல்லலாம். அது இல்லை, குடும்பத்திலும் யாருக்கும் தடிப்பு இல்லை என்றால் இந்த ஒரு வரிக்காக நீங்கள் நோயாளி ஆக வேண்டியதில்லை. இருந்தால், 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை இசிஜி, எக்கோ எடுக்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: அண்ணனுக்கு இதயச் சுவர் 19 மி.மீ. எம்.ஒய்.ஹெச்.7 மரபணுவில் ஒரு மாற்றம், ‘வி.யு.எஸ்.’ என்று ரிப்போர்ட். எனக்கும் அதைப் பார்த்து, இல்லையென்று வந்தால் எக்கோவை விட்டுவிடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: விடவே கூடாது. வி.யு.எஸ். என்றால் நோய் உண்டாக்கும் என்றோ உண்டாக்காது என்றோ சொல்லச் சான்று போதவில்லை. 2015 அமெரிக்க வழிகாட்டுதலின்படி, ‘அநேகமாக நோய் உண்டாக்கும்’ என்று எழுதவே 90 சதவீதத்துக்கு மேல் உறுதி வேண்டும். அண்ணனின் நோய்க்குக் காரணம் வேறெங்கோ இருந்தால், உங்களுக்கு இந்த மாற்றம் இல்லாதது எதையும் நிரூபிக்காது. உங்களுக்கு வேண்டியது இசிஜியும் எக்கோவும்தான். வேறு காரணம் இல்லாதபோது பொதுவாக 15 மி.மீ. தடிப்பை நோய் என்பார்கள். அண்ணனுக்கு நோய் உறுதியானதால் உங்களுக்கு 13 மி.மீ. வந்தாலே கவனிக்க வேண்டும்.

வி.யு.எஸ்.ஸுக்கு விடை தேட, தடிப்பு உறுதியான உறவினர்களைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் மட்டும் இருந்தால் அது பெரிய சான்று அல்ல. எந்த மாற்றமும் பிள்ளைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. நோயுள்ள பலரிடமும் தொடர்ந்து வந்தால்தான் எடை கூடும். பல நாட்டு மக்களின் மரபணு மாற்றங்களைத் தொகுத்து வைத்திருக்கும் நோமேட் தரவுத்தளத்தில் தெற்காசியர் பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். எம்.ஒய்.ஹெச்.7 மாற்றம் 0.1 சதவீதத்துக்கு மேல் பரவலாக இருந்தால் அதைத் தீங்கற்றது என்று ஒதுக்கிவிடலாம். ஒப்பிட வேண்டிய மக்களோடு ஒப்பிடாததால், தீங்கற்ற மாற்றங்களை நோய்க் காரணமென்று கருப்பின அமெரிக்கர்களுக்கு ரிப்போர்ட் கொடுத்திருந்தது 2016-ல் வெளியான ஆய்வில் அம்பலமானது. நமக்கும் அது நேரலாம். இரண்டு, மூன்று ஆண்டு கழித்து அதே ஆய்வகத்திடம் மறுமதிப்பீடும் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குத் தடிப்பு நோய். ஆனால் மரபணுவில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. பிள்ளைகள் எங்களுக்கு வராதுதானே?
– வாசகி, சேலம்

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. நோய் உறுதியான பலருக்கும் ரிப்போர்ட் வெறுமையாகத்தான் வருகிறது. நீங்கள் எக்கோவைத் தொடருங்கள். அம்மாவின் பரிசோதனையில் ஜி.எல்.ஏ., டி.டி.ஆர்., பி.ஆர்.கே.ஏ.ஜி.2 மரபணுக்களையும் படித்தார்களா என்று பாருங்கள். ஜி.எல்.ஏ. கோளாறால் வரும் ஃபேப்ரி நோயும் எக்கோவில் இதே தடிப்பாகத்தான் தெரியும். அதற்கு என்சைம் ஊசி மருந்து இருக்கிறது.