கல்ச்சரில் கிருமி வந்தாலே ஆன்டிபயாடிக் போட வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. பல வருடம் பீடி பிடித்தவர், இப்போது விட்டுவிட்டார். சி.ஓ.பி.டி.க்கு (மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) இன்ஹேலர் எடுக்கிறார். 2 முறை சளி கல்ச்சர் (சளியில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்தும் ‘ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா’ என்றே வந்தது. காய்ச்சல் இல்லை, வழக்கமான இருமல்தான். கிருமி அடியோடு போகும்வரை ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா? வீட்டில் ஒன்றரை வயதுப் பேரன் இருக்கிறான். அவனுக்குத் தொற்றுமா?

பதில்: இப்போது ஆன்டிபயாடிக் வேண்டாம். சளியில் கிருமி குடியிருப்பது வேறு, அது நோயாக மாறுவது வேறு. ரிப்போர்ட் முதலாவதை மட்டும்தான் சொல்கிறது. (பெயரில் இன்ஃப்ளூயன்ஸா இருந்தாலும் இது ஃப்ளூ வைரஸ் அல்ல, பாக்டீரியா.)

மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள சிலியா என்ற நுண்ணிழைகள் நொடிக்கு 10 முறைக்கு மேல் அடித்து, கிருமி ஒட்டிய சளியைத் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். பீடிப் புகை இந்த இழைகளைக் கருக்கிவிடுகிறது, சளியையும் கெட்டியாக்குகிறது. ஹீமோஃபிலஸ் முதலில் தேங்கிய சளியில் ஒட்டும், பிறகு இழை உதிர்ந்த இடங்களில் பிடித்துக்கொள்ளும். அதன் வெளிச்சவ்வில் உள்ள பொருள் மிச்சமிருக்கும் இழைகளையும் முடக்கும். சளியில் காவல் இருக்கும் ஐ.ஜி.ஏ. எதிர்ப்புப் புரதத்தை வெட்டும் நொதியும் அதனிடம் உண்டு. போதாததற்குக் கூட்டமாகச் சேர்ந்து படலம் கட்டும், சில செல்களுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். அங்கெல்லாம் மருந்து சரியாக எட்டாது. அதனால்தான் கோர்ஸ் முடித்தாலும் திரும்ப வருகிறது. திரும்பத் திரும்பக் கொடுத்தால் மருந்துக்கு மசியாத கிருமிகள்தான் மிஞ்சும்.

இது எப்போது நோயாகும்? சாதாரண ஜலதோஷ வைரஸ் உள்ளே வந்து சுவரைப் புண்ணாக்கும்போது, அல்லது இதே கிருமியின் புது ரகம் ஒன்று குடியேறும்போது. ரிப்போர்ட்டில் பெயர் மாறாது, உடம்புதான் காட்டிக்கொடுக்கும். மூச்சிரைப்பு கூடுகிறதா, சளியின் அளவு கூடுகிறதா, நிறம் மஞ்சள்-பச்சையாகிறதா என்று பாருங்கள். இவற்றில் நிறம்தான் முக்கியம். பாக்டீரியாவோடு சண்டையிட வரும் வெள்ளணுக்களின் நொதிதான் அந்தப் பச்சை. காலையில் வெள்ளை டிஷ்யூவில் துப்பச் சொல்லி, அவருடைய வழக்கமான நிறத்தோடு ஒப்பிடுங்கள். சிலருக்கு வெளிர்மஞ்சளே வழக்கம். நிறம் மாறி, மற்ற இரண்டில் ஒன்றும் சேர்ந்தால் டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் 5 நாள் மருந்து போதும். இந்தக் கிருமியில் ஒரு பகுதி வெறும் அமாக்சிசிலினை உடைத்துவிடும், எனவே பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுபோங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அசித்ரோமைசின் 3 மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். காய்ச்சலோடு நெஞ்சுவலி, பேச முடியாத இரைப்பு, உதடு நீலம், குழப்பமான பேச்சு இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

அடுத்த முறை கல்ச்சர் கேட்டால், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு ஆழத்திலிருந்து இருமி எடுக்க வேண்டும். எச்சில் கூடாது. 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேரட்டும், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், இந்தக் கிருமி குளிரில் செத்துவிடும். ரிப்போர்ட்டில் சீழ் செல்கள் 25க்கு மேலும் எபிதீலியல் செல்கள் (வாயின் உட்தோலிலிருந்து உதிர்பவை) 10க்குக் கீழும் இருந்தால்தான் அது நுரையீரல் சளி. இல்லாவிட்டால் வாயில் இருந்ததைத்தான் வளர்த்திருக்கிறார்கள்.

தினசரி வேலை, தேங்கிய சளியை வெளியேற்றுவது. நிமிர்ந்து உட்கார்ந்து 3, 4 முறை ஆழமாக மூச்சிழுத்து, ஒவ்வொரு முறையும் 2 நொடி நிறுத்தி விடட்டும். பிறகு வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படர ஊதுவதுபோல ‘ஹா’ என்று ஒன்றிரண்டு முறை வேகமாக விடட்டும். சளி மேலே வந்ததும் இருமித் துப்பலாம். ஃப்ளூ ஊசி வருடா வருடம் வேண்டும், நிமோகாக்கல் ஊசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

பேரனைப் பற்றிப் பயம் வேண்டாம். அப்பாவிடம் இருப்பது பெரும்பாலும் மேலுறை இல்லாத வகை, ஆரோக்கியமான குழந்தைகளின் மூக்கிலேயே சாதாரணமாக இருப்பது. ஆபத்தான ‘பி’ வகைக்கு 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் தடுப்பு இருக்கிறது, அட்டையில் மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிஜமான கவலை எதிர்த்திசையில்தான். பேரனுக்கு மூக்கு ஒழுகும் நாட்களில் தாத்தாவின் மடியில் தூங்க வைக்காதீர்கள்.