நடக்க முடியாத அம்மாவை நார்வே ஃபியோர்டு கப்பலுக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: “எழுபது வயதைத் தாண்டிய, அதிகம் நடக்க முடியாத அம்மாவை நார்வே ஃபியோர்டுகளை (மலைகளுக்கு நடுவே நாட்டுக்குள் நீளும் கடல் நீர்வழிகளை) பார்க்க ஒரு வாரக் கப்பல் பயணத்துக்கு அழைத்துப் போக ஆசை. செலவுக்குத் தகுமா? அவரால் முடியுமா?”

தாராளமாக அழைத்துப் போங்கள். “நடக்கவே முடியாதவங்களை அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போய் என்ன பார்க்கப் போறீங்க” என்று யாரோ உங்களிடம் கேட்டிருப்பார்கள், அந்தக் குழப்பத்தில்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் கேட்டார்கள். சொந்தச் சித்தப்பாவே கேட்டார். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

என் அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். வெளியே போனால் சக்கர நாற்காலிதான். தம்பி இங்கிலாந்தில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, ஜூன் மாதத்தில், சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பும் ஒரு கப்பலில் மூவரும் ஏறினோம். ஸ்டாவங்கர், ஃப்ளோம், கெய்ராங்கர், பெர்கன் என்று நான்கு ஊர்கள். போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள் முழுக்க வட கடலில்.

கப்பலில் போனால் நார்வேயைப் பார்த்த மாதிரியே ஆகாது, பையை மாட்டிக்கொண்டு மலையேற வேண்டும், ரயிலிலும் பேருந்திலும் போய் உள்ளூர் ஆட்களோடு பேச வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. காலில் பலம் உள்ளவர்கள் அப்படியே போகட்டும், நல்லதுதான். ஆனால் ஃபியோர்டு என்பது பனியாறு மலையைக் குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்த இடம். சோக்னே ஃபியோர்டு கடற்கரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள்ளே போகிறது. ஆழம் அதிகமுள்ள இடத்தில் 1,300 மீட்டர். அதனால்தான் அவ்வளவு பெரிய கப்பலும் மலையடிவாரம் வரைக்கும் போக முடிகிறது. அந்தக் கரைகளில் வாழ்ந்தவர்கள் சாலை வருவதற்கு முன்பு சந்தைக்கும் தேவாலயத்துக்கும் படகில்தான் போனார்கள். அவர்கள் பார்த்த பக்கத்திலிருந்து தான் என் அம்மாவும் பார்த்தார். அதில் என்ன குறை?

கெய்ராங்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பயணத் திட்டத்தில் எந்த ஊர் இல்லாவிட்டாலும் அது இருக்க வேண்டும். அந்த ஊர் இருக்கும் கெய்ராங்கர் ஃபியோர்டு 15 கிலோமீட்டர்தான். 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கப்பல் உள்ளே நுழையும்போது இடது பக்கம் ‘ஏழு சகோதரிகள்’ அருவி, அதற்கு நேர் எதிரே வலது பக்கம் ‘மாப்பிள்ளை’ அருவி. அந்த மாப்பிள்ளை ஏழு பேரையும் பெண் கேட்டு, ஒவ்வொருவரும் மறுத்துவிட்டதாகக் கதை. தம்பி இதைச் சொன்னதும் அம்மா, “கடைசியில கல்யாணம் ஆச்சா இல்லையா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏழும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்றால் பனி உருகும் காலமாக இருக்க வேண்டும். மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை நல்ல நேரம். ஆகஸ்ட் கடைசியில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் தண்ணீர் மெலிந்துவிடும்.

அருவிகளை விட அம்மாவைப் பிடித்து நிறுத்தியது அந்தச் செங்குத்துப் பாறையின் நடுவே தெரிந்த பண்ணை வீடுகள்தான். தண்ணீரிலிருந்து சுமார் 250 மீட்டர் உயரத்தில், கையளவு பச்சை நிலம், மேலே புல் முளைத்த கூரை. அங்கே குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. குழந்தைகள் விழுந்துவிடக் கூடாது என்று கயிற்றில் கட்டி வைப்பார்களாம். ஸ்காகெஃப்லோ என்ற பண்ணையில் 1916 வரை ஆட்கள் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் உள்ள க்னிவ்ஸ்ஃப்லோவை, தலைக்கு மேலே பாறை சரிந்து விழும் என்ற பயத்தில் 1898லேயே காலி செய்துவிட்டார்கள். அம்மா விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். “மாட்டை எப்படிடி மேல ஏத்துனாங்க? வைக்கோலை எங்க போட்டு வைப்பாங்க?” என்று என்னைக் குடைந்து எடுத்துவிட்டார். மலையேறிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிற எத்தனை பேர் இந்தக் கேள்விகளைக் கேட்பார்கள்? காலால் நடந்தால்தான் ஒரு இடத்தைப் பார்த்ததாக அர்த்தம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இங்கே உங்களுக்கு உண்மையிலேயே உதவும் ஒரு விஷயம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் கண் மட்டம் கீழே இறங்கிவிடும். திறந்த தளத்தில் உள்ள கைப்பிடிக் கம்பி பல இடங்களில் சரியாகக் கண்ணுக்கு நேரே வரும், பக்கத்தில் நிற்கிறவர்களின் முதுகுதான் தெரியும். அதனால் பால்கனி உள்ள கேபின் எடுங்கள், அந்தப் பால்கனிக்கு இரும்புத் தடுப்பா கண்ணாடித் தடுப்பா என்று கேட்டுவிட்டு எடுங்கள். கண்ணாடியாக இருந்தால் உட்கார்ந்தபடியே தண்ணீர் வரைக்கும் தெரியும். இடது பக்கமா வலது பக்கமா என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம். போன வழியாகத்தான் கப்பல் திரும்பி வரும், இரண்டு பக்கமும் கிடைத்துவிடும். கேபின் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் இருந்தால் வட கடலில் ஆட்டம் குறைவாகத் தெரியும். எங்களுக்குத் திரும்பி வரும் நாளில் கடல் கொந்தளித்தது. தம்பி படுத்தே கிடந்தான், அம்மா அசராமல் சாப்பிட்டார்.

அப்புறம், கெய்ராங்கரில் எல்லாக் கப்பலிலிருந்தும் நேராக இறங்கிவிட முடியாது. சில கப்பல்கள் மிதவைப் பாலத்தில் கட்டும். சிலவற்றிலிருந்து சின்னப் படகுக்கு மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். நாலு எட்டு நடக்க முடியாதவர்களை அந்தப் படகில் ஏற்ற மறுப்பார்கள். பதிவு செய்யும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்ளோமில் அந்தப் பிரச்சினை இல்லை, கப்பல் துறையில் நிற்கும், ரயில் நிலையம் பக்கத்திலேயே. அங்கிருந்து கிளம்பும் மலை ரயில் 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் கடல் மட்டத்திலிருந்து 867 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது, 20 சுரங்கங்கள். நடுவில் ஓர் அருவிக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். கோடைக்காலத்தில் அங்கே பாட்டுப் போட்டு, சிவப்பு உடை போட்ட ஒரு பெண் பாறை மேல் ஆடுவாள். மனிதரை மயக்கும் வனதேவதையாம். எல்லாரும் இறங்கி ஓடினார்கள். நாங்கள் ஜன்னலிலிருந்தே பார்த்தோம், சாரல் உள்ளே வரைக்கும் அடித்தது. இந்த ரயில் டிக்கெட்டைக் கப்பலில் வாங்குவதை விட நேரடியாக வாங்கினால் பெரும்பாலும் விலை குறையும், ஆனால் கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கப்பல் கிளம்பும் நேரத்தைப் பார்த்து, கையில் நிறைய நேரம் வைத்துக்கொண்டு எடுங்கள். நாமாகப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

பெர்கனில் மழை பெய்யும். குடையை மறக்காதீர்கள். 1702 தீ விபத்துக்குப் பிறகு கட்டிய மரவீட்டு வரிசை அழகுதான், ஆனால் சந்துகளில் பலகைத் தரை, நாற்காலிச் சக்கரம் தடுக்கும். மலை மேலே இழுத்துப் போகும் கேபிள் ரயில் 1918 முதல் ஓடுகிறது, அதில் நாற்காலியோடு ஏறிவிடலாம். ஸ்டாவங்கரில் கல் பாவிய தெருக்கள், துறைமுகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டோம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். அம்மா சுத்த சைவம். வெறும் சோறும் தயிரும் எப்போதும் கிடைத்தது. பரிமாறியவர்களில் ஒரு பையன் தூத்துக்குடிப் பக்கம். “பாட்டி, ஊறுகா வேணுமா” என்று தமிழில் கேட்டதும் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! இன்னொரு சங்கடம் வெளிச்சம். ஜூனில் அங்கே இரவு பதினொரு மணிக்குத்தான் சூரியன் இறங்குகிறது, அதற்குப் பிறகும் முழு இருட்டு வருவதில்லை. கப்பலில் விளக்கேற்றக் கூடாது என்பதை அம்மா புரிந்துகொண்டார். ஆனால் எந்த நேரத்தை அந்திப் பொழுதாக வைத்துக்கொண்டு சுலோகம் சொல்வது என்று முதல் நாள் தவித்துவிட்டார். கடைசியில் நம்ம ஊர் ஆறரை மணியையே வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அந்த ஒரு வாரமும் அம்மா யாரையும் கூப்பிடாமல் தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு காலைக் காப்பிக்குப் போனார். வாசல்படி இல்லை, லிஃப்ட் கதவு அகலம், தூக்கிவிட ஆள் தேவையில்லை. சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் மூன்றே மூன்று படிகள். அதன் பக்கத்தில் ஒரு சாய்தளம் போடுங்கள், செலவை நானே தருகிறேன் என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்தேன். முகப்பின் அழகு கெட்டுவிடும், ஒரு பைக் நிறுத்தும் இடம் போய்விடும் என்று தள்ளிவிட்டார்கள். “ஒரு வீட்டுக்காக எல்லாரும் மாத்திக்க முடியுமா” என்று கேட்டவர்களுக்கும் வயதான பெற்றோர் இருக்கிறார்கள். அம்மா கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் இன்றைக்கும் காவலாளியும் நானும் நாற்காலியோடு தூக்குகிறோம். நடுக்கடலில் சுதந்திரமாக இருந்தவர் சொந்த வீட்டு வாசலில் அடைபட்டுக் கிடக்கிறார். வயிறு எரிகிறது.

சரி, செலவுக்கு வருகிறேன். டிக்கெட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஆளுக்கு நாள்தோறும் சேவைக் கட்டணம், இணையம், குளிர்பானம், கரைச் சுற்றுலா எல்லாம் பல கப்பல்களில் தனி. அதையெல்லாம் சேர்த்தும், நார்வேயில் விடுதி போட்டு உணவகத்தில் சாப்பிட்டு டாக்சியில் சுற்றுவதோடு ஒப்பிட்டால் எங்களுக்குக் கப்பல்தான் குறைவாக வந்தது. எல்லாருக்கும் அப்படியே வரும் என்று சொல்லவில்லை. பணத்தை வீசிவிட்டு வந்து நியாயம் பேசுகிறாள் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். அது பல வருடமாகச் சேர்த்த பணம்.

கப்பல் புகை அந்த இடத்தையே கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டும் வரும். அது நியாயமான குற்றச்சாட்டு, நானே கெய்ராங்கரில் மலைகளுக்கு நடுவே புகை படலமாக நிற்பதைப் பார்த்தேன். அந்த நாட்டு நாடாளுமன்றம் 2018லேயே பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஃபியோர்டுகளுக்குள் புகையில்லாக் கப்பல்கள்தான் வர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 10,000 டன்னுக்குக் குறைந்த கப்பல்களுக்கு 2026 முதலும், பெரியவற்றுக்கு 2032 முதலும் அது கட்டாயம். அதனால் உங்கள் கப்பல் கெய்ராங்கருக்குள் போகிறதா, துறைமுகத்தில் நிற்கும்போது எஞ்சினை ஓட்டாமல் கரையிலிருந்து மின்சாரம் எடுக்கிறதா என்று விசாரித்துத் தேர்ந்தெடுங்கள்.

விசா விஷயத்தில் கவனம். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர வழி செய்யும் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பினால் பிரிட்டன் விசாவும் சேர்ந்து இரண்டு வேலை. ஹாம்பர்க், கோபன்ஹேகன் போன்ற துறைமுகங்களிலிருந்து கிளம்பி, வழியில் பிரிட்டனைத் தொடாத கப்பல் என்றால் ஷெங்கன் ஒன்றே போதும். சக்கர நாற்காலிக்கு ஏற்ற, கதவு அகலமான கேபின்கள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான் இருக்கும், அவைதான் முதலில் தீரும். கேபினை முதலில் உறுதி செய்யுங்கள், குளியலறை வாசலில் படி இல்லை என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள், அதற்குப் பிறகு விசாவுக்கு நாள் குறியுங்கள். அம்மாவுக்குக் காது மூடும் கம்பளித் தொப்பி ஒன்று வாங்கி வையுங்கள். ஜூனிலும் மேல்தளக் காற்று குளிராகத்தான் இருக்கும்.