ஸ்டார்ட்அப் தொடங்குகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? – கேள்வி பதில்

வணக்கம். சென்னையில் மென்பொருள் பிராடக்ட் நிறுவனங்களில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு கல்லூரி இன்குபேட்டரில், அதாவது புது நிறுவனங்களை வளர்த்துவிடும் மையத்தில், இருக்கிறேன். ஸ்டார்ட்அப் விண்ணப்பங்களைப் படிப்பதும், அனுப்பியவர்களை உட்காரவைத்துப் பேசுவதும்தான் வேலை. நிறுவனர்களின் பின்னணி, அவர்களை இதில் இறக்கிவிட்ட காரணம், இவற்றைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். கம்பெனி பதிவு, ஜிஎஸ்டி, வரி எல்லாம் ஆடிட்டரிடம் கேட்க வேண்டியவை.

பனியன் ஊர்: எனக்கு 39 வயது. திருப்பூரில் பின்னலாடை யூனிட்களுக்கு ஈஆர்பி (யூனிட்டின் மொத்தக் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்) போட்டுக்கொடுக்கும் வேலையில் 14 வருடம் ஓடிவிட்டது. சொந்தமாக ஒரு மென்பொருள் செய்ய ஆசை. லேட் ஆகிவிட்டதா?

இல்லை. இருபது வயதுப் பையன்கள் சாதித்த கதைகளையே திரும்பத் திரும்பக் கேட்டதால் வருகிற பயம் இது. அமெரிக்காவில் சுமார் 27 லட்சம் நிறுவனர்களின் அரசுப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2020ல் வெளிவந்தது. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்கிற தரத்தில் இருந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது, தொடங்கிய அன்று, 45. முப்பது வயதுக்காரரைவிட ஐம்பது வயதுக்காரருக்கு அந்த அளவு வெற்றி கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு. அதே துறையில் முன்பு வேலை பார்த்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுகிறது என்பதும் அதில் உண்டு.

மோரிஸ் சாங் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் 25 வருடம் இருந்தவர். தைவானில் சிப் தயாரிக்கும் டிஎஸ்எம்சியைத் தொடங்கியது 1987ல், 55 வயதில். ஃபால்குனி நாயர் முதலீட்டு வங்கி வேலையை விட்டு, அழகுசாதனப் பொருள் விற்கும் நைக்காவை ஆரம்பித்தபோது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். எரிக் யுவான் சிஸ்கோவை விட்டு வெளியேறி ஜூம் தொடங்கியது 41 வயதில்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். துணி சாயத்துக்குப் போகும்போது ஒரு எடை, திரும்பி வரும்போது ஒரு எடை. அந்த வித்தியாசத்தில் எவ்வளவு நியாயமான கழிவு, எதில் சண்டை வரும், அந்தச் சண்டையை முதலாளி பேசுவாரா சூப்பர்வைசர் பேசுவாரா, பில்லில் எந்த வரியில் கழிப்பார்கள் – இது உங்களுக்குத் தெரியும். இன்ஜினியரிங் முடித்து நேராக வருகிற நான்கு பேருக்கு இதைத் தெரிந்துகொள்ளவே மூன்று வருடம் ஆகும். அந்த ஒரு சண்டையைத் தீர்க்கும் மென்பொருளில் இருந்து ஆரம்பியுங்கள். முழு ஈஆர்பி வேண்டாம். ஒன்று மட்டும்: பணம் கட்டும் முதல் வாடிக்கையாளர் வரும்வரை வேலையை விடாதீர்கள்.

மூன்றாம் வருடம் மெக்கானிக்கல்: சார், பில் கேட்ஸ், மார்க் சக்கர்பெர்க் இருவருமே கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள். படிப்பு நேரத்தைத் தின்கிறது. நானும் விட்டுவிடலாமா?

விடாதீர்கள் தம்பி. அவர்கள் விட்டதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். சியாட்டிலில் கேட்ஸ் படித்த லேக்சைட் பள்ளியில், அம்மாக்கள் சங்கம் பழைய சாமான்கள் விற்ற பணத்தில் 1968ல் கணினி முனையம் ஒன்றை ஏற்பாடு செய்தது. பல்கலைக்கழகங்களிலேயே மாணவர் கைக்குக் கணினி எட்டாத காலம் அது. 13 வயதில் புரோகிராம் எழுத ஆரம்பித்தவர், 1975ல் ஹார்வர்டை விட்டு வெளியேறியபோது ஏழு வருட அனுபவசாலி. விட்டதும், ஆல்டேர் கணினிக்கு பேசிக் மொழி எழுதித் தரும் வேலை கையில் இருக்கும்போதுதான். சக்கர்பெர்க் 2004 கோடையில் கலிஃபோர்னியா போனபோது ஃபேஸ்புக் ஏற்கனவே பல கல்லூரிகளில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையிலேயே பீட்டர் தீல் 5 லட்சம் டாலர் போட்டார். இருவரையும் கம்பெனிதான் கல்லூரியிலிருந்து இழுத்தது. உங்களை எது இழுக்கிறது என்று கேள்வியில் இல்லை.

எலிசபெத் ஹோம்ஸும் 19 வயதில் ஸ்டான்ஃபோர்டை விட்டவர்தான். ரத்தப் பரிசோதனைக்கு இயந்திரம் என்று தெரனோஸைத் தொடங்கி, முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022ல் 11 வருடத்துக்கும் மேல் சிறைத்தண்டனை பெற்றார். பாதியில் விடுவது யாருக்கும் தகுதி ஆகிவிடாது.

ஐடியா அருண்: ஐடியாவைச் சொன்னால் திருடிவிடுவார்களா?

மாட்டார்கள். அவரவர் ஐடியாவைப் பார்க்கவே அவரவருக்கு நேரமில்லை. வாங்கப்போகிறவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

தஞ்சை டெல்டா: ஐஐடி முத்திரை இல்லாமல் முடியுமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

முடியும். கிரீஷ் மாத்ருபூதம் படித்தது உங்கள் ஊர் சாஸ்த்ராவில்தான். அவருடைய மென்பொருள் நிறுவனம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021ல் அமெரிக்கப் பங்குச்சந்தை நாஸ்டாக்கில் பட்டியலானது. புனேயின் குவிக் ஹீல் ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தம்பி சஞ்சயுடன் சேர்ந்து உருவாக்கிய கைலாஷ் கட்கர், பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு கால்குலேட்டர் பழுதுபார்த்தவர்.

ஆனால் ஐஐடிக்காரருக்குக் கிடைக்கிற ஒன்றை மறைக்கக் கூடாது. கூட இறங்க ஆள், முதல் காசோலை எழுதப் பழகின சீனியர். அந்த இரண்டும் கல்லூரியில் கிடைக்காதவர்களுக்குப் பெரும்பாலும் வேலை பார்த்த இடத்தில் கிடைத்திருக்கின்றன. 1981ல் இன்ஃபோசிஸைத் தொடங்கிய ஏழு பேரும் பட்னி கம்ப்யூட்டர்ஸில் ஒன்றாக இருந்தவர்கள். ஃப்ளிப்கார்ட்டின் சச்சின் பன்சால், பின்னி பன்சால் இருவரும் அமேசானில் இருந்துவிட்டு வந்தவர்கள். ஃப்ரெஷ்வொர்க்ஸ் பிறந்ததே ஜோஹோ மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்தவர்களால். சிலிக்கான் பள்ளத்தாக்கின் கதையும் இப்படித்தான்: 1957ல் ஷாக்லியின் செமிகண்டக்டர் நிறுவனத்திலிருந்து எட்டுப் பேர் மொத்தமாக வெளியேறி ஃபேர்சைல்டைத் தொடங்கினார்கள், அதிலிருந்து இருவர் போய் 1968ல் இன்டெல். ஆகவே முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தோடு, பக்கத்து நாற்காலியில் யார் உட்காரப்போகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

வேளச்சேரி வாசகி: உண்மையைச் சொல்லுங்கள். இவர்கள் உலகத்தை மாற்றத் தொடங்குகிறார்களா, பணத்துக்காகவா?

இரண்டும், பெரும்பாலும் ஒரே ஆளிடம். ஆய்வாளர் விவேக் வாத்வா குழுவினர் அமெரிக்காவில் 549 நிறுவனர்களிடம் கேட்டு 2009ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சொத்து சேர்ப்பது முக்கியக் காரணம் என்றார்கள். கையிலிருந்த ஐடியாவைப் பயன்படுத்திக்கொள்ள என்றவர்கள் மூன்றில் இரண்டு பங்கு. சொந்தக் கம்பெனி நெடுநாள் ஆசை என்றவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு. வேலை கிடைக்காததை முக்கியக் காரணமாகச் சொன்னவர்கள் 5 சதவீதம்கூட இல்லை.

மேடையில் சொல்லப்படுவது வேறு. பஸ் டிக்கெட் விற்கும் ரெட்பஸ்ஸின் பணீந்திர சாமா, 2005 தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போக டிக்கெட் கிடைக்காமல் தவித்த கதை எல்லோருக்கும் தெரியும். கதை உண்மைதான். ஆனால் பண்டிகைக்கு ஊருக்குப் போக பஸ் கிடைக்காமல் கோயம்பேட்டில் பையோடு நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சாமா டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் இன்ஜினியர், கூட உட்கார்ந்து எழுத இன்ஜினியர் நண்பர்கள் இருந்தார்கள், டிராவல் ஏஜென்ட்களிடம் நேரில் போய் சீட் எப்படி விற்கிறீர்கள் என்று விசாரித்தார். கிரீஷுக்கும் அமெரிக்காவிலிருந்து சாமான் வரும்போது டிவி உடைந்து, இழப்பீடு கிடைக்காமல் அலைந்த கதை இருக்கிறது. அதற்கு முன்பே அவர் ஜோஹோவில் ஹெல்ப்டெஸ்க் மென்பொருளில் வருடக்கணக்கில் ஊறியவர். எரிச்சல் எல்லோருக்கும் வரும். அது வந்த நேரத்தில் கையில் தொழில் இருந்ததா என்பதைத்தான் நான் விண்ணப்பங்களில் தேடுகிறேன்.

உண்மையான நோக்கம் வெளியே வருவது முதலீட்டாளர் வரும்போதுதான். பணம் வாங்கினால் வேகமாக வளரலாம், பிடி தளரும். ஹார்வர்டில் நோம் வாஸர்மன் 212 அமெரிக்க ஸ்டார்ட்அப்களைப் பார்த்தார். மூன்று வருடம் ஆவதற்குள் பாதி நிறுவனர்கள் சிஇஓ நாற்காலியில் இல்லை. ஸ்ரீதர் வேம்பு 1996லிருந்து வெளி முதலீடு வாங்காமல் ஜோஹோவை நடத்தியதும், பிறகு தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கே போய் உட்கார்ந்ததும் ஒரே முடிவின் இரண்டு பக்கம். யாரையும் கேட்க வேண்டாத நிலை அவருக்கு வேண்டியிருந்தது என்று நான் படிக்கிறேன். உங்களுக்கு எது வேண்டும் என்று தெரியாமல் ஃபண்டிங் வாங்காதீர்கள்.

41 வயது: 41 வயதில் தொடங்கலாமா?

பனியன் ஊருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சேலத்துப் பையன்: டயர்-2 கல்லூரி, ஐஐடி இல்லை. சான்ஸ் உண்டா?

தஞ்சை டெல்டாவுக்குச் சொன்னதுதான். மேலே இருப்பதைப் படித்துவிட்டுக் கேளுங்கள், தயவுசெய்து.

மளிகைக்கடை வாரிசு: அப்பா, தாத்தா எல்லாம் கடைதான். இது ரத்தத்தில் வருமா?

கொஞ்சம். ஸ்வீடனில் தத்துப்பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பெற்றோர் தொழில்முனைவோராக இருந்தால் பிள்ளையும் அப்படி ஆகும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடுகிறது. அதில் பெற்றவர்களைவிட வளர்த்தவர்களின் பங்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடனுக்கு யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று கல்லாவில் உட்கார்ந்து கற்றிருப்பீர்கள். அதை எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை.

உள்ளதைச் சொல்பவன்: சுற்றி வளைக்காதீர்கள். எல்லாரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அமேசானைத் தொடங்கிய பெசோஸுக்கு அப்பா அம்மாவே இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

காசிமேடு: தப்பு. வாட்ஸ்அப் ஜான் கூம் அரசு உணவுக் கூப்பனில் வளர்ந்தவர். திறமை இருந்தால் போதும். பின்னணி, பின்னணி என்று அழுவது சோம்பேறித்தனம்.

இருவரும் சொன்ன தகவல் சரி. முடிவுதான் இரண்டிலும் தவறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தினமும் நான் பார்க்கிற விஷயம் இது.

பெசோஸ் பெற்றோர் 1995ல் சுமார் 2.45 லட்சம் டாலர் போட்டது உண்மை. அதற்கு முன்பே அவர் வால் ஸ்ட்ரீட்டில் டி.இ.ஷா நிறுவனத்தில் துணைத்தலைவர் பதவியை எட்டியவர்.

கூம் 16 வயதில் அம்மாவோடு உக்ரைனிலிருந்து மவுன்டன் வியூ வந்தவர். 2014ல் வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கியபோது, கூப்பனுக்காக வரிசையில் நின்ற அதே பழைய அலுவலகக் கட்டடத்தின் கதவில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கும் மிகவும் பிடித்த காட்சி அது. ஆனால் உணவுக் கூப்பனுக்கும் வாட்ஸ்அப்புக்கும் நடுவில் யாகூவில் ஒன்பது வருடச் சம்பளம் இருக்கிறது. அங்கே கிடைத்த நண்பர்தான், வாட்ஸ்அப்பைச் சேர்ந்து தொடங்கிய பிரையன் ஆக்டன். முதல் இரண்டரை லட்சம் டாலரும் பழைய யாகூ நண்பர்களிடமிருந்தே வந்தது.

வாத்வா கணக்கெடுப்பிலும் பெரும்பாலோர் நடுத்தர வர்க்கம். பெரும் பணக்காரர், பரம ஏழை இரண்டு முனையிலும் ஆளே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. காரணம் திறமையில் இல்லை காசிமேடு. இரண்டு வருடம் சம்பளம் வராவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரிய யாராவது இருக்க வேண்டும். மனைவியின் வேலை, அப்பாவின் பென்ஷன், வாடகை இல்லாத வீடு, சேமிப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று. தங்கை கல்யாணக் கடன் தலையில் இருக்கும் பையனிடம் 'ரிஸ்க் எடு' என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன்.

உள்ளதைச் சொல்பவன்: அப்படியானால் நான் சொன்னதுதானே சரி?

இல்லை. வசதி இருந்தால்தான் முடியும் என்றீர்கள். விழுந்தால் தாங்க ஏதோ ஒன்று வேண்டும் என்கிறேன் நான். அது பத்து வருடம் வேலை பார்த்தும் வரும். கூமுக்கு அப்படித்தான் வந்தது.

கயல்: நீங்கள் மூன்று பேரும் 'பையன்' என்றே பேசுகிறீர்கள். என் தம்பி தொழிலுக்கு அப்பா எட்டு லட்சம் கொடுத்தார். எனக்கு அதைவிட அதிகத்துக்கு நகை போட்டார். அந்த நகையைத் தொழிலுக்குத் தாருங்கள் என்று கேட்டபோது வீடே இரண்டுபட்டது.

இந்த விவாதத்தில் மிக முக்கியமான குரல் இது. பணம் இருந்திருக்கிறது, உங்கள் பெயரில்தான் இருந்திருக்கிறது, தொழிலுக்கு மட்டும் அனுமதி இல்லை. ஃபால்குனி நாயரும் தொடக்கத்தில் போட்டது குடும்பச் சேமிப்பைத்தான். ஆனால் அதில் முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருந்தார். நேர்முகக் குழுக்களில் பெண்களிடம் மட்டும் 'வீட்டில் சம்மதமா?' என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் எல்லோரிடமும் கேளுங்கள், இல்லாவிட்டால் யாரிடமும் வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், சொல்லிக்கொண்டே இருப்பேன். உங்கள் தொழில் என்ன என்று தனியாக எழுதுங்கள்.

காசிமேடு: கயல் சொன்னதற்கு என்னிடம் பதிலில்லை. மற்றதில் என் கருத்து மாறவில்லை.

சரி, இருக்கட்டும்.

நங்கநல்லூர்: இப்போது எந்தத் துறையில் தொடங்கினால் ஓடும்? ஏஐயா?

என் துறை இல்லை. நீங்கள் பத்து வருடமாக என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று சொன்னால் பேசலாம்.

பிடெக் 2022: வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கினால்தான் வெறி வரும் என்கிறார்களே?

மறுபடியும் சொல்கிறேன்: வேலையை விடாதீர்கள். வேலையில் இருந்துகொண்டே தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்கள், நேராகக் குதித்தவர்களைவிடத் தோற்கும் வாய்ப்பு 33 சதவீதம் குறைவு என்று 2014ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஆப்பிள் தொடங்கியபோது ஸ்டீவ் வோஸ்னியாக்கும் எச்பியில் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் முதலில் படியுங்கள்.

மதுரை இல்லத்தரசி: என் கணவர் அடுத்த மாதம் வேலையை விட்டு ஸ்டார்ட்அப் தொடங்கப் போகிறார். வீட்டு இஎம்ஐ ஓடுகிறது, பையன் ஏழாம் வகுப்பு. தடுத்தால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாரோ என்று பயம். என்ன கேட்பது அவரிடம்?

தடுக்க வேண்டாம் அம்மா, நான்கு விஷயம் கேளுங்கள். பணம் தருவதாகச் சொன்ன முதல் வாடிக்கையாளர் யார்? பெயர் வேண்டும், 'மார்க்கெட் பெரிசு' என்பது பதில் ஆகாது. இஎம்ஐயும் பள்ளிக் கட்டணமும் எத்தனை மாதத்துக்குத் தனிக் கணக்கில் எடுத்து வைக்கப்படும்? பன்னிரண்டு மாதத்துக்குக் குறைந்தால் அடுத்த மாதம் வேண்டாம். வீட்டுப் பத்திரமும் உங்கள் நகையும் இதில் வராது என்று வாய்விட்டுச் சொல்வாரா? எந்தத் தேதிக்குள் வருமானம் வராவிட்டால் திரும்ப வேலை தேடுவார்? இதையெல்லாம் ஒரு நோட்டில் அவர் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மாதச் செலவுக் கணக்கை மட்டும் நீங்கள் எழுதுங்கள். பால், கேஸ், பெட்ரோல், மாமியார் மருந்து வரை விடாமல் எழுதுங்கள். அவர் மனதில் வைத்திருக்கும் தொகையைவிட அது அதிகமாகத்தான் வரும்.